ஒன்பது கையெழுத்து, எத்தனை ஆள்?

அரச திணைக்களங்களுக்குப் பொருள் விநியோகிக்கும் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. மூன்று விலைமனு கேட்பார்கள். சில பேர்வழிகள் மூன்று பெயரில் கடிதத்தலைப்பு அச்சடித்து மூன்றையும் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் மூன்று கம்பனி, உள்ளே ஒரே முதலாளி. பிட்கொயின் முதலான நாணயங்களுக்கு அடிப்படையான 'புளொக்செயின்' கணக்கேட்டுக்கும் இதே பயம்தான்.

இந்தக் கணக்கேட்டை எழுத ஒரு வங்கி கிடையாது. உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, எந்தக் கொடுக்கல் வாங்கல் செல்லும், எது செல்லாது என்று தமக்குள் தீர்மானிக்கின்றன. பெயருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் கதை முடிந்தது. இணையத்தில் பெயர் வைக்க ஒரு சதமும் செலவில்லை. ஒருவரே பத்தாயிரம் பெயரில் வந்து உட்கார்ந்துவிடலாம். மைக்ரோசொப்ட் நிறுவன ஆய்வாளர் ஜோன் டூசர் 2002இல் இதைப்பற்றி 'சிபில் தாக்குதல்' என்ற பெயரில் எழுதினார். அடையாளத்தை உறுதிசெய்ய ஒரு பொது அதிகாரி இல்லாத இடத்தில் இதை நடைமுறையில் முற்றாகத் தடுக்க முடியாது என்பது அவரது முடிவு.

2009இல் ஆரம்பித்த பிட்கொயின், பெயரை எண்ணாமல் செலவை எண்ணியது. கணக்கில் அடுத்த பக்கத்தை எழுத வேண்டுமானால் கணினி வலுவும் மின்சாரமும் கொட்ட வேண்டும். ஆயிரம் பெயர் வைத்தாலும் மின்கட்டணம் கட்டுபவர் ஒருவர்தானே! எதேரியம் 2022 செப்டம்பரில் வேறு வழிக்கு மாறியது. குறைந்தது 32 எதர் பிணையாக வைக்க வேண்டும், ஒன்றுக்கொன்று முரணாகக் கையொப்பமிட்டுப் பிடிபட்டால் பிணையில் வெட்டு விழும். எனக்கென்றால் இந்த இரண்டாவது முறைதான் நம் வியாபாரப் புத்திக்குப் பக்கத்தில் தெரிகிறது.

ஆனால் மொத்த வலுவில் பாதிக்கு மேல் ஒருவர் கைக்குப் போனால் பாதுகாப்பு போய்விடும். நாணயத்தைக் கொடுத்துக் காசாக்கிக்கொண்டு, பிறகு கணக்கின் கடைசிப் பக்கங்களை மாற்றி எழுதி, கொடுக்கவே இல்லை என்று ஆக்கிவிடலாம். பிட்கொயினில் இதற்கு ஆகும் செலவு மலையளவு. சிறிய நாணயங்களில் அப்படியல்ல, கணினி வலுவை மணிக்கணக்கில் வாடகைக்கே எடுக்கலாம். 2018 மே மாதம் பிட்கொயின் கோல்ட் நாணயத்தில் இந்த வழியில் சுமார் 18 மில்லியன் டொலர் போனது. எதேரியம் கிளாசிக் 2019 ஜனவரியில் அடிபட்டது. 2020 ஓகஸ்டில், ஒரே மாதத்தில், மூன்று தடவை அடிபட்டது.

இதைவிட மோசமானது ரொனின் வலையமைப்பின் கதை. அப்போது பணம் வெளியே போக ஒன்பது கையெழுத்தில் ஐந்து வேண்டியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்பதில் நான்கு ஒரே கம்பனியின் கையில் இருந்தது. ஐந்தாவதுக்குப் பதிலாகக் கையொப்பமிட அதே கம்பனிக்கு 2021 நவம்பரில் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள், தேவை முடிந்தும் அதை நீக்கவில்லை. 2022 மார்ச்சில் திருடர்கள் அந்தக் கம்பனிக்குள் புகுந்தார்கள், ஐந்து கையெழுத்தும் கிடைத்துவிட்டது. போனது 600 மில்லியன் டொலருக்கு மேல். ஆறு நாட்களாக யாருக்கும் தெரியவும் இல்லை! இங்கே பொய்ப் பெயர் எதுவும் இல்லை, எல்லாம் உண்மைப் பெயர்கள். சாவிக்கொத்துதான் ஒன்று.

வெளிநாட்டு வாடிக்கையாளர் யாராவது இப்படியொரு நாணயத்தில் பணம் தருவதாகச் சொன்னால், எத்தனை கணினி ஓடுகிறது என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை தனித்தனி உரிமையாளர், அவர்களை மிஞ்ச எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். பிட்கொயினில் ஒரு பக்கம் ஏறச் சராசரியாகப் பத்து நிமிடம். பெரிய தொகை என்றால் ஆறு பக்கம் ஏறும்வரை, அதாவது ஒரு மணித்தியாலமளவில், பொறுத்திருந்துதான் சரக்கை விடுவார்கள். வாடகை வலுவில் கவிழக்கூடிய சில்லறை நாணயத்துக்கு அந்த ஒரு மணித்தியாலம் எந்த உத்தரவாதமும் அல்ல. இத்தகைய நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று நமது மத்திய வங்கி 2021இல் அறிவித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.