உறுமும் லாரிகளும் உருகும் பணமும்

மார்கழி, தை மாத அதிகாலைகளில் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் உள்ள லாரி நிறுத்தங்களைக் கடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஓட்டுநர் என்ஜினை இயக்கிவிட்டுப் பல் துலக்கி, முகம் கழுவி, தேநீர் அருந்தித் திரும்பும் வரை, நின்ற இடத்திலேயே லாரி உறுமிக்கொண்டிருக்கும். 'வண்டி சூடாக வேண்டும்' என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் கார்களில் 'சோக்'கை இழுத்து இயக்கி, என்ஜின் சற்று சூடேறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இல்லையெனில் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். பழைய டீசல் என்ஜின்களும் குளிரில் வெண்புகை கக்கித் திணறின. இன்றோ, எரிபொருளின் அளவையும் நேரத்தையும் மின்னணுக் கருவியே வெப்பநிலைக்கேற்ப முடிவு செய்கிறது. ஆனாலும் பழக்கம் மாறவில்லை.

குளிர்ந்த என்ஜினுக்கு முதல் தேவை, மசகு எண்ணெய் எல்லாப் பாகங்களையும் சென்றடைவது. சேலம், நாமக்கல் சமவெளியின் குளிரில் அதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போதும். அதன்பின் முதல் சில கிலோமீட்டர்களை மிதமான வேகத்தில் கடப்பதே என்ஜினைச் சூடேற்றும் சரியான வழி. நின்ற நிலையில் இயங்கும் டீசல் என்ஜின் மெதுவாகவே சூடேறும். அதுவரை எரிபொருள் முழுமையாக எரியாமல் கரி படியும். கியர் பெட்டியும் டயர்களும் வண்டி ஓடினால் மட்டுமே சூடேறும்.

ஓட்டுநர்கள் காத்திருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருப்பதை மறுப்பதற்கில்லை. கனரக லாரிகளின் பிரேக், காற்றழுத்தத்தால் இயங்குவது. இரவில் காற்று கசிந்திருந்தால், மீண்டும் போதிய அழுத்தம் ஏறும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. இது உயிர் காக்கும் விதி. ஆனால், நல்ல நிலையில் உள்ள லாரியில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதிக நேரம் ஆகிறதென்றால், சரிசெய்ய வேண்டியது காற்றுக் கசிவைத்தான்.

இதன் பொருளாதாரத்தையும் பார்ப்போம். நின்றபடி இயங்கும் லாரி மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் குடிப்பதாகக் குறைத்தே மதிப்பிடலாம். நாளொன்றுக்கு 20 நிமிடம் வீணானால் அரை லிட்டர். ஆண்டுக்கு 300 நாள்களில் 150 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 13,500 ரூபாய். ஆயிரம் லாரிகளுக்கு இது 1.35 கோடி ரூபாய். மாதத் தவணைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் திணறும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு இது சிறு தொகை அல்ல. 'மைலேஜ் குறைகிறது' என்று உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் இடையே எழும் பிணக்கிலும் இந்த அரை லிட்டருக்குப் பங்குண்டு.

கணக்கில் வராத செலவு இன்னொன்று. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் பக்கத்து லாரியில் உறங்கும் தொழிலாளி. அடுத்து, நிறுத்தத்தை ஒட்டிய வீடுகளில் வாழும் குழந்தைகள். ஒருவரது பழக்கத்தின் விலையை, அதில் தொடர்பே இல்லாத பிறர் செலுத்துவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம்.

நம் லாரிகள் காணும் குளிர் சமவெளிக் குளிர் மட்டுமல்ல என்பதும் உண்மையே. அவற்றுள் சில வடமாநிலங்களின் கடுங்குளிருக்குள்ளும் செல்கின்றன. உறைபனிக் குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். ஆனால், அங்கும் தீர்வு தகுந்த எரிபொருள்தான். மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது அதனால்தான்.

லாரி உரிமையாளர் சங்கங்கள் இதில் முன்கை எடுக்கலாம். வாகனத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள குறிப்பைத் தமிழில் அச்சிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டலாம். மாதம் ஒருமுறை காற்றுக் கசிவைச் சோதிக்கலாம். மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கை ஓட்டுநருக்கே ஊக்கத்தொகையாக வழங்கலாம். தேநீர் அருந்திவிட்டு வந்து என்ஜினை இயக்குவதில் யாருக்கும் இழப்பில்லை.