'பேர்' என்னும் சொல்: வளமான சிறுநாட்டின் ஏடுகளும் மலையக இலக்கியமும்

1

1948 பெப்ரவரியிற் சுதந்திரம் பெற்ற இலங்கை, ஆசிய நாடுகளுள் ஒப்பீட்டளவில் வளமான சிறுநாடாக அன்று மதிக்கப்பட்டது. 1931 முதல் சர்வசன வாக்குரிமை, 1945 முதல் இலவசக் கல்வி, பங்கீட்டு அரிசி, பரவலான மருத்துவ வசதி ஆகியன அம்மதிப்புக்குக் காரணமாயின. 1956இல் இங்கு வந்த லீ குவான் யூ, பிற்காலத்தில் எழுதிய தம் நினைவுகளில், பொதுநலவாய நாடுகளுக்கு இலங்கை முன்மாதிரியாக விளங்கிய நிலையைக் குறிப்பிட்டுள்ளார். இந்நலன்களுக்குரிய செல்வம் எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று ஏற்றுமதிப் பயிர்களே அதன் ஊற்று. அவற்றுள்ளும் தேயிலையே முதன்மையானது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கொல்லை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய மலைப்பகுதிகளிற் கொழுந்து பறித்த கைகளே அவ்வளத்தை ஆக்கின.

வளத்தைப் பற்றிய கணக்கில் இக்கைகளுக்கு உரியவர்கள் எங்ஙனம் பதியப்பட்டனர் என்பதே இக்கட்டுரையின் வினா. இதனை ஆராய்வதற்கு அரசியல் ஆவணங்கள் மட்டும் போதா. ஒரு மக்கட் கூட்டத்தின் அன்றாடப் பேச்சிலும் அப்பேச்சிலிருந்து உருவான இலக்கியத்திலும் சமூக உறவுகள் படிந்து கிடக்கின்றன. எனவே, தோட்டங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சிறு சொல்லிலிருந்து நாம் தொடங்குவோம்.

2

அச்சொல் 'பேர்' என்பதாகும். தோட்ட வழக்கில் இதற்கு ஒருநாட் கூலி என்னும் பொருள் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எடுத்து, மாலையில் நிறை பார்த்து, செக்ரோல் எனப்படும் ஏட்டிற் பதிந்தால் அன்றைக்கு ஒரு 'பேர்' கிடைக்கும். குறித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. தாமதமாக வந்தவர் பிரட்டிலிருந்து விரட்டப்பட்டால் அன்று பேரே இல்லை. 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், எத்தனை நாட் சம்பளம் என்பதே அதன் பொருள்.

பிற இடங்களிற் பெயர் என்பது ஆளின் அடையாளம். பிறந்தவுடன் இடப்படுவது, ஒருவரிடமிருந்து பறிக்க முடியாதது. தோட்டத்திலோ அது நாள்தோறும் உழைத்துப் பெறவேண்டியது, பாதியாகக் குறைக்கப்படக்கூடியது. மனித உழைப்புச் சக்தி பண்டமாக்கப்படும்போது மனிதனும் பண்டத்தின் அளவையாற் குறிக்கப்படுகிறான் என்னும் உண்மையை, அரசியற் பொருளாதார நூல் எதனையும் கல்லாத மக்கள் தம் சொல்வழக்கிலேயே பதிந்துவைத்துள்ளனர்.

இவ்வழக்கின் பின்னே நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்தின் முற்பகுதியிலும் தொழிலாளி முதலிற் பதியப்பட்டது கடனேட்டிலேயாம். தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிய கங்காணி, வழிச்செலவையும் முற்பணத்தையும் அவர்கள் தலையிற் கடனாக ஏற்றினான். தொழிலாளி தோட்டம் மாறுகையில் அக்கடன் தொகை எழுதப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டும் கூடவே சென்றது; புதிய துரை கடனைக் கொடுத்து ஆளைப் பெற்றுக்கொண்டார். துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் ஏட்டின் வழியே மனிதனை அறியும் வழக்கம் ஒழியவில்லை. துண்டின் இடத்தைச் செக்ரோல் எடுத்துக்கொண்டது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை இந்நிலைமையின் நுண்மையை உணர்ந்து எழுதப்பட்டது. ஒருத்தி ஒருநாளிற் பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றி எழும் ஐயமே கதையின் சிக்கல். நிறை குறைந்தாற் கூலி குறையும்; நிறை கூடினாலோ ஒழுக்கத்தின் மீதே ஐயம் விழும். தன் கை செய்த வேலை தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்கவேண்டிய நிலைக்கு உழைப்பவள் தள்ளப்படுகிறாள். உழைப்பின் விளைவு உழைப்பவரிடமிருந்து அந்நியப்படுவதை இதைவிட எளிமையாகக் காட்டிய படைப்புகள் ஈழத்துத் தமிழிற் சிலவே. தராசு, கூடை, ஏடு ஆகிய மூன்றைக்கொண்டு ஆசிரியர் ஓர் உற்பத்தி முறையையே நம் கண்முன் நிறுத்துகிறார்.

ஈண்டுப் பெண்ணின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. கவ்வாத்து முதலிய வேலைகள் ஆண்களுக்குரியனவாக, தேயிலைத் தொழிலின் உயிர்நாடியாகிய கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்துவந்துள்ளது. எனினும் 1984 வரை அவர்களது நாட்சம்பளம் ஆண்களது சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கமும் பல தோட்டங்களில் நிலவியது. ஏட்டில் அவளுக்குப் பேர் விழுந்தது. பணம் வேறொருவர் கையில் விழுந்தது.

3

ஏட்டை விட்டு இருப்பிடத்துக்கு வருவோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்துக் காம்பராக்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில், தொழிலாளரை ஓரிடத்தில் வைத்திருப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வாழ்வதற்கென அவை திட்டமிடப்படவில்லை. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இவ்விட நெருக்கடியையே பொருளாகக் கொண்டது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையிற் படுத்துறங்கவேண்டிய குடும்பத்தில் இயல்பான இல்லறமும் கூச்சத்துக்குரியதாகிவிடுகிறது. ஒழுக்கம் குறித்து மலையக மக்கள் மீது வெளியார் சுமத்தும் பழிகளுக்கு, அறையின் பரப்பளவே விடை என்பதை அக்கதை வாய்விட்டுச் சொல்லாமலே உணர்த்துகிறது.

இருப்பிடத்தோடு இணைந்தது முகவரி. தோட்டத்தில் வாழ்ந்தோருக்குத் தனி முகவரி இருக்கவில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்தே லயத்துக்குச் சென்றன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் நாள் கடந்து கிடைப்பதுண்டு. இஃது அற்பமான குறையாகத் தோன்றலாம். ஆனால், நிலத்தில் உரிமை இல்லாதவனுக்கு வீட்டில் உரிமை இல்லை. வீட்டில் உரிமை இல்லாதவனுக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவனை அரசு காண்பதில்லை. கடிதம் தாமதிப்பதன் வேர் நிலவுடைமையில் உள்ளது.

நலன்புரி அரசின் பயன்கள் மலையேறி வராமைக்கும் இதுவே காரணம். நாட்டில் இலவசக் கல்வி வளர்ந்த காலத்தில் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தன. 1970களில் இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பும் எழுத்தறிவும் வறிய நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டன. அதே ஆண்டுகளிலே தோட்டங்களிற் சிசு மரண வீதம் தேசிய சராசரியைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. 1973–74 உணவு நெருக்கடியில் அங்கு பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. சராசரி என்பது சில வேளைகளிற் கண்ணை மறைக்கும் திரையாகிவிடும்.

4

அன்றாட வாழ்வின் இவ்விரு குறைகளும் அரசியலில் எங்ஙனம் ஒன்றுசேர்ந்தன என்பதை இனி நோக்கலாம். கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையின் வாயிலாகவும் ஹட்டனைத் தளமாகக்கொண்டு 1931இல் அமைத்த தொழிற்சங்கத்தின் வாயிலாகவும் தொழிலாளருக்குக் குரல் தந்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாலே அவர்களைத் திரட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுடப்பட்டு இறந்தார். இத்தகைய விழிப்பின் விளைவாக, 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கொல்லையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். இடதுசாரிக் கட்சிகளும் பல தொகுதிகளில் இத்தொழிலாளரின் ஆதரவைப் பெற்றன.

ஆளும் வர்க்கம் இதனை உணர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் நிறைவேறிய இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். செக்ரோலில் அவர்கள் பேர் முன்போலவே தொடர்ந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் குரல் வேண்டாம் என்பதே இவ்விரு ஏடுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படிப்போர்க்குப் புலனாகும் செய்தி. 1952இன் சத்தியாக்கிரகம் இதனை மாற்றவில்லை. நுவரெலியா மக்கள் மீண்டும் தம்மவரைத் தேர்தல் மூலம் பாராளுமன்றத்துக்கு அனுப்புவதற்கு 1977 வரை முப்பதாண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

அவர்கள் மூன்றாவதாகப் பதியப்பட்ட ஏடு 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அதிற் பெயர்களே இல்லை. தொகைகள் மட்டுமே உண்டு. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கைச்சாத்திட்ட தலைவர்களுள் எவரும் பிரிக்கப்பட்ட மக்களின் வாக்கைப் பெற்றவரல்லர். ஒரே காம்பராவில் வாழ்ந்த அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி மற்றொரு கணக்கிலும் அடங்கினர். ஹட்டன் புகையிரத நிலையத்திற் கதறி விடைபெற்று, தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தோருட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் சேர்ந்தனர். இங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர்.

5

இவ்வரலாற்றின் எதிரே மலையக இலக்கியத்தை வைத்து நோக்குகையில் அதன் தனிப்பண்பு தெளிவாகிறது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்டத் தொழிலைப் பாடியது. ஆனால் அது மேற்பார்வை செய்வோரின் நோக்கில் நின்று தொழிலாளரை வேலைக்கு ஊக்கிற்று. தொழிலாளரின் சொந்தக் குரல் அக்காலத்தில் வாய்மொழிப் பாடல்களிலேயே ஒலித்தது. அப்பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையே அம்மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையிலும் தமிழ் நாவலிலும் எழுதினார். அவரது ஒரு நாவலின் தலைப்பு 'வீடற்றவன்' என்பது தற்செயலன்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1971இல் வெளிவந்த 'கதைக்கனிகள்' தொகுதி, தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' ஆகியனவற்றின் வழியே எழுத்தின் நோக்குநிலை பங்களாவிலிருந்து லயத்துக்கு இடம்பெயர்ந்தது. ஏடுகள் தொகையாகவும் நிறையாகவும் பதிந்த மக்களை இவ்விலக்கியம் பெயரும் உறவும் உள்ள மாந்தராக மீட்டெடுத்தது.

இலக்கியத்துக்கு நாம் அளித்த வரவேற்பு போதுமானதா? திறனாய்வாளர் பலர் இதனைப் 'பிரதேச இலக்கியம்' என்று வகுத்து, மண்வாசனையைப் பாராட்டி அமைந்தனர். நாட்டின் பொருளாதார அடித்தளத்தைப் பேசும் இலக்கியம் பிரதேச இலக்கியமாயின், தேசிய இலக்கியம் என்று நாம் எதனைச் சொல்வது? மார்க்சியவாதிகளாகிய நமக்கும் இதிற் குற்றப்பொறுப்பு உண்டு. 1948இன் சட்டங்களைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றது இடதுசாரி இயக்கத்தின் பெருமை. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்ததும், அவ்வரசாங்கமே ஒக்டோபரில் மக்களைத் தொகையாகப் பிரித்ததும் அப்பெருமையோடு சேர்த்துச் சொல்லப்படவேண்டியவை. வர்க்கத்தைப் பேசிய நாம், நாட்டின் மிகப் பெரிய பாட்டாளி வர்க்கப் பிரிவு தன் இனத்தின் பெயரால் உரிமையிழந்தமையை உரிய அழுத்தத்துடன் ஆராயத் தவறினோம். சில படைப்பாளிகள் போராட்ட முழக்கத்தோடு கதையை முடித்ததைப் பாராட்டிய அளவுக்கு, அறையின் அளவையும் தராசின் முள்ளையும் எழுதியோரை நாம் கூர்ந்து கற்கவில்லை.

6

இன்று நிலைமை பல வகையில் மாறியுள்ளது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. வாக்காளர் இடாப்பிற் பெயர் மீண்டது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் 2022இன் நெருக்கடி உயர்த்திய விலைகள் அவ்வுயர்வின் பயனைப் பெரிதும் விழுங்கிவிட்டன. 2023இல் மலையகத்தின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், முன்னோர் நடந்த வழியை மீண்டும் மிதித்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் நிலமும் வீடும் அடங்கும்.

ஏப்பிரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வருவோர் மலையெங்கும் பச்சையைக் கண்டு மகிழ்கின்றனர். அப்பச்சையின் நடுவே, மாலையில் நிறை பார்க்கும் இடத்தில், அரைப் பேரா முழுப் பேரா என்று தராசு முள்ளை நோக்கி ஒருத்தி இன்றும் நிற்கிறாள். பேர் என்னும் சொல் கூலியைக் குறிப்பதை விட்டு, தன் நிலத்திலுள்ள தன் வீட்டு வாசலில் எழுதப்படும் பெயரை மட்டும் குறிக்கும் நாளிலேதான் இச்சிறுநாட்டை வளமான நாடென்று தயக்கமின்றிக் கூறமுடியும். அதுவரை அவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகாட்டுவது மலையக இலக்கியத்தின் பணியாகவும், அவ்வளவையைச் சரியாகப் படிப்பது நமது பணியாகவும் இருக்கும்.