பழகுவது உடம்பா, கிருமியா?

நவம்பர் 18 முதல் 24 வரை நுண்ணுயிர் மருந்தெதிர்ப்பு விழிப்புணர்வு வாரம். அதற்குள் பதில் சொல்லிவிடச் சொல்லி வந்த கடிதங்களில், திருப்புலிவனம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் உடம்புக்குப் பழகிவிடுமாமே?” பழகுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. மரபணு பிசகித் தப்பிய ஒன்று பெருகும் கதை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு.

பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் தனியாகக் கிடக்கும். பல மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் ஒரே வளையத்தில் வரிசையாக இருக்கலாம். இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொண்டால் வளையத்தின் ஓர் இழை அடுத்ததற்குள் போகும். இரண்டும் குறைப் பாதியை நிரப்பிக்கொள்ளும். அகலிலிருந்து அகல் ஏற்றுவதுபோல, கொடுத்ததற்குக் குறைவதில்லை. இனம் வேறானாலும் தடையில்லை. ஈ.கோலை கொடுத்து, சீதபேதி தரும் ஷிகெல்லா நான்கு மருந்துகளை ஒரேயடியாகத் தாங்கியதை 1959இல் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊர்க் கதை 2010இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி உள்ளிட்டோர், கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனமையே உடைக்கும் என்டிஎம்-1 நொதியைச் சென்னையில் 44 மாதிரிகளில் கண்டார்கள். மரபணு இருந்தது பெரும்பாலும் பிளாஸ்மிட்டில். பெயரின் ‘என்டி’ புதுடெல்லியைக் குறிப்பதுதான் மத்திய அரசுக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், டெல்லியில் தெருவில் கசிந்து தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50இல் 2இலும் அந்த மரபணு இருந்தது. பிளாஸ்மிட் கைமாறுவது 25, 37 டிகிரியைவிட 30 டிகிரியில் அதிகம். திருப்புலிவனம் இருக்கும் உத்திரமேரூர்ப் பக்கம் 30 டிகிரியை யாரும் வெயில் என்றே சொல்லமாட்டார்கள். ஒரு மாத்திரைகூட விழுங்காதவர் குடலுக்கும் இந்த மரபணு வந்து சேரலாம். ஆக விழிப்புணர்வு வாரம் என்பது, சாக்கடையை விட்டுவிட்டு நோயாளிக்குப் புத்தி சொல்லும் ஏழு நாள்.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக: மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு? மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது. கடைக்காரர் சீட்டைக் கேட்டால்தான் கோட்டுக்கு அர்த்தம்.

மருந்து விதிகளின் அட்டவணை எச்1? 2014 மார்ச் முதல், அதிலுள்ள மருந்தை விற்றால் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

சளிக்கு ஆன்டிபயாடிக்? சளி வைரஸால் வருவது; வேண்டாம்.

பண்ணைக் கோழிக்குக் கொலிஸ்டின்? 2019 ஜூலையில் தடை. என்டிஎம்-1 கிருமிகள் பலவற்றுக்கு எதிராக மிச்சமிருந்த ஓரிரு மருந்துகளில் அதுவும் ஒன்று.