கறிவேப்பிலை ஏன் வாடியது?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் சிநேகிதி ஒருத்தியிடமிருந்து டெலிபோன் வந்தது. குரலைக் கேட்டதுமே அவள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறிவிட்டேன்.

"நீ உடனே வந்து பார்க்கணும். இனிமே பிழைக்காதுன்னு தோணுது."

"யாருக்கு என்ன?"

"கறிவேப்பிலைக்கு!" என்றாள்.

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! அவளுடைய தாயார் காலமான பிறகு மாயவரத்து வீட்டை விற்றுவிட்டார்கள். பங்கு பிரித்ததில் அண்ணன்மாருக்குப் பணமும் அண்ணிமாருக்குப் பாத்திரங்களும் போயின. இவள் கேட்டு வாங்கி வந்தது கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் முளைத்திருந்த ஒரு பக்கக் கன்று மட்டும்தான். அதை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே சென்னைக்கு வந்தாள். இப்போது மாயவரத்தில் அந்த வீடும் இல்லை, அந்த மரமும் இல்லை. மூன்றாவது மாடியில், பால்கனி மூலையில், ஒரு சிமெண்டுத் தொட்டியில் இருந்த அந்தச் செடிதான் இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணீர் விடாமல் இருந்தாயா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நன்னாக் கேட்டே! காலையிலே நான் விடறேன். சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் விடறார். பாத்திரம் தேய்க்கிற அம்மாகூட, வாடியிருக்கேன்னு மத்தியானம் ஒரு சொம்பு விட்டுட்டுப் போறா."

விஷயம் விளங்கிவிட்டது. ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தேன். களிமண் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தால் கூவம் பக்கம் போன மாதிரி ஒரு வாசனை.

வீட்டுச் செடிகள் சாவதற்கு முதல் காரணம் தண்ணீர் இல்லாமை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெயில் காலத்து மொட்டை மாடியைத் தவிர, மற்ற இடங்களில் அநேகமாக உண்மை இதற்கு நேர்மாறு. வேரும் சுவாசிக்கிற பிராணிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகள் எந்நேரமும் தண்ணீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. பிறகு பூஞ்சைக் காளான் பிடித்து அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது! வாடலைப் பார்த்த நாம் இரக்கப்பட்டு இன்னொரு சொம்பு விடுகிறோம். அதோடு கதை முடிந்துபோகிறது.

ஆகையால் செடி வாடினால் முதலில் சொம்பைத் தேடாதீர்கள்; விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் தாகம். அடித் துவாரம் வழியாக வெளியே வரும் வரையில் தாராளமாக விடலாம். உள்ளே ஈரமாக இருந்தும் வாடினால் அது வேர்க்கோளாறு. ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. இந்த ஒரு பரீட்சைக்குக் காசு செலவில்லை. நகத்தில் கொஞ்சம் மண் ஏறும், அவ்வளவுதான்.

"அடியில் துவாரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. துவாரம் இருந்ததாம். கீழ் வீட்டுக்காரர், தாம் உலர்த்திய வேஷ்டியில் செம்மண் தண்ணீர் சொட்டுகிறது என்று இரண்டு தடவை சண்டைக்கு வந்துவிட்டாராம். அதனால் கந்தைத் துணியைத் திணித்துத் துவாரத்தை அடைத்துவிட்டார்கள். அடுக்கு மாடி வீடுகளில் எத்தனை செடிகள் இப்படிக் கீழ் வீட்டு வேஷ்டிக்காக உயிரை விட்டிருக்கின்றனவோ!

செடியைத் தொட்டியிலிருந்து பெயர்த்து எடுத்தோம். பாதி வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உறை மாதிரி கழன்று வந்தது. அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எறிந்தோம். வேர் குறைந்துவிட்டபடியால் மேலேயும் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைத்தோம். பாதி வேர் முழுச் செடிக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதல்லவா? என் சிநேகிதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவும் மணலுமாக ஒரு பங்கு கலந்து புதுக் கலவை தயாரித்தோம். பொலபொலவென்று இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதில் நட்டு, ஒரு தரம் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் நேர் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். உரம் கூடவே கூடாது. ஜுரத்தில் கிடப்பவனுக்கு யாராவது விருந்து வைப்பார்களா?

கந்தைத் துணி விவகாரத்துக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. துவாரத்தைத் திறந்து, தொட்டியை மூன்று செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வைத்து, அடியில் ஒரு தட்டு வைத்தோம். சொட்டுவது தட்டோடு நின்றுவிடும். ஆனால் தட்டு வைத்தால் இன்னொரு பொறுப்பும் வந்து சேர்கிறது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது சாக்கடையை அல்ல. இந்த மாதிரிச் சுத்தமாகத் தேங்கிய நீரைத்தான். முட்டை கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே அவ்வப்போது தட்டைக் கவிழ்ப்பதோடு, வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறக்கவே கூடாது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்!

மணி பிளாண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. அதைப் பக்கத்து வீட்டில் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா? பசிபிக் சமுத்திரத்தில் மோரியா என்ற சிறு தீவு அதன் சொந்த ஊர். அங்கிருந்து நம் ஊர் வரையில் வந்திருக்கிறதென்றால் எத்தனை திருட்டுக்கள் நடந்திருக்க வேண்டும்! அது வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்கிறார்கள். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிலையத்தார், அடைத்து மூடிய சிறு கூண்டுகளில் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து பிறந்த பேச்சு இது. வீடு அடைத்த கூண்டு அல்ல. 2019-இல் இந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் வீடு கொள்ளாத அளவு செடி வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று வளர்ப்போமே, அது போதாதா?

கறிவேப்பிலைக்குத் திரும்புவோம். என் சிநேகிதியின் செடியில் மஞ்சளும் இருந்தது. எந்த இலை மஞ்சளாகிறது என்று கவனித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துப் பசி. மண்புழு உரம் மாதம் ஒரு கைப்பிடி போட்டால் சரியாகும். நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை மாதிரி தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. துரு ஆணியைப் புதைப்பதும் இதனால்தான் வீண். அந்த இரும்பும் இறுகிப்போய்க் கிடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு. மழை நீரைப் பிடித்து விடுவது நல்லது. நர்ஸரிகளில் கிடைக்கும், வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய விதத்தில் தயாரித்த இரும்புச் சத்துப் பொடியைக் கட்டில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றலாம்.

"அம்மா புளிச்ச மோர்தான் விடுவா" என்றாள் அவள். விடட்டுமே! தண்ணீராகக் கரைத்து மாதத்துக்கு ஒரு டம்ளர் விட்டால் கெடுதல் இல்லை. கெட்டியாக ஊற்றினால்தான் வாடையும் எறும்பும் வந்து சேரும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீத்தூளுக்கும் இதே கதி. அலசிப் பிழிந்து போட வேண்டும்.

கறிவேப்பிலையை ஓர் ஆள் உயரத்துக்குக் குச்சியாக வளர்த்துவிட்டு, "இலையே இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும். பூ வைத்ததும் கிள்ளிவிட வேண்டும். இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அருகில் போய்ப் பாருங்கள், அது அசையும்! வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் அடித்துப் பயமுறுத்தும். கடிக்காது. சின்னச் செடியாக இருந்தால் இரண்டே புழுக்கள் நாலு நாளில் மொட்டையடித்துவிடும். ஒரு குச்சியால் எடுத்துத் தெருவோரத்து எலுமிச்சையில் விட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அது வண்ணத்துப்பூச்சியாவதைக் காட்டலாம். இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலை போனால் போகட்டும்.

செம்பருத்தி வளர்ப்பவர்களின் அழுகை வேறு விதம். மொட்டைச் சுற்றிலும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அதைப் பார்க்குமுன் தண்டில் ஏறும் எறும்பைப் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போல் காவல் காக்கிறது. எறும்பை விரட்டாமல் பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் கொசு வரும். தண்டில் பசை நாடா சுற்றினால் எறும்பு நின்றுவிடும். பிறகு, அடர்ந்த கொப்பை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மீதியைக் குழாய்த் தண்ணீர் வேகத்தில் அடித்துக் கழுவுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும், அது கரைவதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்துக் குலுக்கி இலையின் அடிப்புறத்தில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை வீதம் மூன்று வாரம் செய்ய வேண்டும். ஒரே நாளில் அற்புதத்தை எதிர்பார்த்து, கடையில் கொடிய விஷ மருந்தை வாங்கி வந்துவிடாதீர்கள். பால்கனியில் தெளித்த மருந்து பக்கத்தில் உலரும் குழந்தையின் சட்டையிலும் படியும்.

விஷத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டு இனம் வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் பாழாக்கியது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் களைத்துப் போனார்கள். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குளவி ஒன்றை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். சில மாதங்களில் கொள்ளை அடங்கியது. அந்தக் குளவியின் சந்ததி இன்றும் நம்மிடையே இருக்கிறது. கடுமையான விஷத்தைத் தெளித்தால் முதலில் சாவது அதுதான்.

மல்லிகை பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் மல்லிகையை மறந்துவிடுங்கள். வெயில் இருந்தால், கார்த்திகை, மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். புதுத் தளிரில்தான் பூக்கும். ரோஜா பூக்காமல் முரட்டுத்தனமாக வளர்ந்தால், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து காட்டு ரோஜாக் கிளை கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அதை அடியோடு பிய்த்தெறிய வேண்டும். வாடகைக்கு வந்தவர் வீட்டையே வளைத்துக்கொள்ளும் விவகாரம் அது.

தவழும் குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அகன்ற பச்சை இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்கும் டைஃபன்பேக்கியாவை ஹாலில் தரையில் வைக்காதீர்கள். அதன் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகப் படிகங்கள் இருக்கின்றன. குழந்தை கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கிவிடும்; வாயைத் துடைத்துக் கழுவி உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். பூஜைக்கு வைக்கும் அரளியோ அதைவிடக் கொடியது. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

தை மாதம் முழுவதும் என் சிநேகிதியின் செடி வெறும் குச்சியாகவே நின்றது. தண்ணீர் விடும் உரிமை அவளுக்கு மட்டும்தான் என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று. இரண்டு தடவை டெலிபோனில் அழுதாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சையாக இருக்கிறது என்றாள். அப்படியானால் உயிர் இருக்கிறது, காத்திரு என்றேன்.

மாசி பிறந்து பத்து நாளைக்குப் பிறகு, விடியற்காலையில் மணி அடித்தது.

"கணுவிலே கடுகு மாதிரி ரெண்டு பச்சை தெரியறதுடி! தண்ணி விடலாமா?"

"விரலை விட்டுப் பார்" என்றேன்.

இப்போது அதில் நாலு கிளைகள் இருக்கின்றன. இன்னும் ஓர் இலைகூட அவள் பறிக்கவில்லை; ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கடையில்தான் வாங்குகிறாள்.