இரண்டு சமத்துவங்கள்

அரசியல் சச்சரவு ஒன்றைக் கேள்விப்பட்டவுடனே, எந்தப் பக்கம் நியாயம், எந்தப் பக்கம் அநியாயம் என்று விசாரிப்பது உலக வழக்கம். பல சச்சரவுகளுக்கு அந்த விசாரணையே போதும். ஆனால் இரு கட்சியாரும் ஒரே இலட்சியத்தின் பெயரைச் சொல்லி, ஒரே அரசியல் சாசனத்தை விரித்து வைத்துக்கொண்டு, இருவருமே மனப்பூர்வமாக வழக்காடும்போது அந்த விசாரணை நம்மைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுகிறது. இருவரும் போற்றுகின்ற நன்மைகளுள் எதை முன்னே வைப்பது, எதை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற கடினமான கேள்வி அங்கேதான் பிறக்கிறது. சுதந்திரம் வந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள் சென்னை ராஜ்யத்தில் எழுந்த வகுப்புவாரி உத்தரவு வழக்கு இதற்குத் தக்க உதாரணம்.

கம்யூனல் ஜி.ஓ. என்று ஜனங்கள் வழங்கிய அந்த உத்தரவுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இருந்த பிராமணர்கள் சர்க்கார் உத்தியோகங்களிலும் உயர்கல்வியிலும் பெரும்பங்கு பெற்றிருந்த நிலைமையை மாற்ற வேண்டும் என்று நீதிக்கட்சி முயன்றதன் விளைவாக 1921ஆம் ஆண்டில் முதலாவது உத்தரவு பிறந்தது; ஆயினும் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்த காலத்தில், அந்தப் பத்தாண்டின் இறுதியிலேதான், அது செயலுக்கு வந்தது. 1947ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, கல்லூரிச் சேர்க்கைக்கான ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வகுக்கப்பட்டிருந்தது.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி புதிய அரசியல் சாசனம் அமலுக்கு வந்ததும் இந்த ஏற்பாடு நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் நாடிய செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண்மணியும், பொறியியல் கல்லூரியில் இடம் நாடிய சி. ஆர். சீனிவாசன் என்ற மாணவரும், வகுப்பைக் காரணமாகக் காட்டித் தங்களுக்கு இடம் மறுப்பது சாசனத்துக்கு விரோதம் என்று சென்னை ஹைகோர்ட்டில் முறையிட்டனர். அரசு நடத்தும் கல்விக்கூடத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தால் மட்டும் எந்தப் பிரஜைக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிற 29(2)ஆம் பிரிவு அவர்கள் பக்கம் நின்றது. நலிந்த வகுப்பாரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு தனிக் கவனத்துடன் பேணவேண்டும் என்கிற 46ஆம் பிரிவை அரசாங்கம் தன் பக்கம் காட்டிற்று.

இரு தரப்பாரும் சமத்துவத்தையே கோரினார்கள் என்பதுதான் இவ்வழக்கின் சிறப்பும் சங்கடமும். பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரே விதமாகப் பரிமாறவேண்டும் என்பது ஒரு சமத்துவம். வாசலைத் தாண்டவே விடாமல் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு முதலில் இலை போடவேண்டும் என்பது மற்றொரு சமத்துவம். முதலாவது தனிமனிதனைப் பார்க்கிறது. முன்னோரின் கணக்கை இவன் தலையில் எழுதுவது என்ன நீதி என்று கேட்கிறது. இரண்டாவது சமுதாயத்தைப் பார்க்கிறது. ஒரே பரீட்சையை எழுதுகிற இருவர் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்களா என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளுமே மெய்யானவை.

அரசியல் சாசனத்தின் நகலைத் தயாரித்த குழுவில் ஒருசேர அமர்ந்திருந்த இருவர், இந்த விவகாரத்தில் எதிரெதிராக நின்றார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மனுதாரர் ஒருவருக்காக வாதாடினார். குழுவின் தலைவராக இருந்தவரும் அப்போது சட்ட அமைச்சராக விளங்கியவருமான அம்பேத்கரோ, மனுதாரருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு திருப்திகரமானதன்று என்று பார்லிமெண்டிலேயே கூறினார். ஒரே நூலை இயற்றியவர்களே அதை இரண்டு விதமாகப் படிக்கிறபோது, படிக்கிறவர்களின் மனச்சாட்சியைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

ஹைகோர்ட்டு 1950 ஜூலையில் உத்தரவைச் செல்லாதென்றது. பெரியார் ஈ.வெ.ரா.வின் திராவிடர் கழகம் கிளர்ச்சியில் இறங்கிற்று. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும், 46ஆம் பிரிவு முதலான, அரசுக்கு வழிகாட்டும் நெறிகள், 29(2)ஆம் பிரிவு முதலான அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டே இயங்கவேண்டும் என்று கூறி, ஹைகோர்ட்டின் முடிவை உறுதி செய்தது. உத்தியோகங்களில் பிற்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்க 16(4)ஆம் பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கையில், கல்விக்கு அத்தகைய வாசகம் இல்லாமையையும் அது சுட்டிக்காட்டியது. அந்தக் குறையை நீக்குவதற்காக, சாசனம் அமலுக்கு வந்து 17 மாதங்கள் நிறைவதற்கு முன்பே, 1951 ஜூன் 18ஆம் தேதி, முதலாவது திருத்தத்தின் மூலம் 15(4)ஆம் பிரிவு சேர்ந்தது.

இத்திருத்தம் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை ஊன்றிக் கவனித்தால், சமநிலை என்பதன் இலக்கணம் புலப்படும். மனுதாரர்கள் காட்டிய தனிமனித உரிமைப் பிரிவில் ஒரு வாசகமும் நீக்கப்படவில்லை. மறுபுறம், எல்லா வகுப்பாருக்கும் பங்கு பிரித்து வைத்த பழைய பதினான்கு இடக் கணக்கும் அப்படியே மீளவில்லை. சமூக ரீதியிலும் கல்வி ரீதியிலும் பிற்பட்ட வகுப்பாரின் முன்னேற்றத்துக்காகவும், அட்டவணை சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்காகவும் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற அனுமதி மட்டுமே பிறந்தது. அதாவது, ஒரு வகுப்பில் பிறந்துவிட்டமையே பங்குக்குப் போதிய காரணம் என்ற நிலை போய், பின்தங்கியமை என்ற காரணத்தை அரசு காட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தது. ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொண்ட ஒப்பந்தமாக இல்லாமல், ஒரு தரப்பின் கோரிக்கையை மற்றத் தரப்பும் பரிசீலிக்கக்கூடிய ஒரு காரணத்தோடு பிணைத்த ஏற்பாடாக அது அமைந்தது.

காரணம் கிடைத்த பிறகு அளவு பற்றிய கேள்வி எழுந்தது. மைசூர் அரசு 68 சதவீத இடங்களை ஒதுக்கியபோது, 1962இல் எம். ஆர். பாலாஜி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பொதுவாக ஒதுக்கீடு 50 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில், அடிப்படை உரிமைகளும் வழிகாட்டும் நெறிகளும் ஒத்திசைந்து சமநிலையில் நிற்பதே சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று கூறி, 1951ஆம் ஆண்டின் மேல், கீழ் என்ற வரிசையை விட்டு விலகிற்று. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில், மத்திய அரசின் 27 சதவீத ஒதுக்கீட்டை ஏற்ற ஒன்பது நீதிபதிகளின் பெஞ்ச், பிற்பட்டோரிலும் வசதியால் முன்னேறிவிட்டவர்களை விலக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. தமிழ்நாடோ, தன் நிலைமை வேறு என்று கூறி 1993இல் 69 சதவீதத்துக்குச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு சாசனத் திருத்தத்தின் வாயிலாக அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்ப்பித்துக்கொண்டது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் பத்து சதவீதம் வந்தபோதும், 2022இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள்.

இவ்வளவு காலமாகியும் வழக்கு ஓயவில்லையே என்று சலித்துக்கொள்வோர் உண்டு. இரண்டு நன்மைகளுக்கிடையே நடக்கும் வழக்கு ஒரே தீர்ப்பில் ஓய்வதானால், அவற்றுள் ஒன்று அழிந்தே தீரவேண்டும். தனிமனிதன் அடைகிற நஷ்டத்தை நஷ்டமே இல்லை என்று சாதிக்கிறவர்களும், வகுப்பு வகுப்பாக அடைந்த இழிவைப் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களும் அந்த அழிவைத்தான் அறியாமல் வேண்டுகிறார்கள். தன் கட்சியின் வெற்றியால் எதிராளி இழப்பது இன்னதென்று, அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லக்கூடியவன்தான் ஒதுக்கீட்டின் காரணத்தையும் அளவையும் குறித்துப் பேசும் தகுதியைப் பெறுகிறான். அத்தகையவர்கள் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் இரு தரப்பிலும் இருக்கும்வரை, இந்த விவாதம் நீள்வதில் நாட்டுக்குக் கேடு ஒன்றுமில்லை.