ஓட்டுநரில்லாக் காரின் பதிவுகள் யாருக்கு உரியவை?

ஓட்டுநரில்லாத கார் பொதுவாக, தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் கேமராக்களாலும், ரேடியோ அலைகளைக் கொண்டு பொருள்களைக் கண்டறியும் ரேடாராலும், லேசர் ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் தொலைவை அறியும் லைடாராலும் இடைவிடாது கவனித்தே ஓடுகிறது. அதில் ஏறும் பயணி நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு ஒப்புதல் அளித்தவர். நடைபாதையில் செல்பவரிடமோ அதே கேமராவில் பதிவாவதற்கு யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. இக்கார்களின் பதிவுகள் புலனாய்வுக்கு உதவக்கூடும் என்று சான் பிரான்சிஸ்கோ காவல்துறையின் பயிற்சி ஆவணம் ஒன்று குறிப்பிட்டிருந்தது 2022-இல் தெரியவந்தது. குற்றவாளியைப் பிடிக்க உதவும் அப்பதிவே, குற்றமற்ற ஒருவர் எந்த மருத்துவமனைக்குச் சென்றார், எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார் என்பதையும் காட்டிக்கொடுக்க வல்லது.

இவ்வளவையும் பதிவுசெய்யும் நிறுவனம், தன் கார் தவறிழைக்கும்போது அப்பதிவை எவ்வாறு கையாளும் என்பது அதே நகரில் வெளிப்பட்டது. 2023 அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதித் தூக்கியெறியப்பட்ட பெண் ஒருவர், அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமாக இருந்த குரூஸின் ஓட்டுநரில்லாக் காருக்கு முன்னே விழுந்தார். அவர் மீது மோதி நின்ற அந்தக் கார், பக்கவாட்டில் ஏதோ இடித்துவிட்டதாகத் தவறாகக் கணித்து, சாலையோரம் ஒதுங்குவதற்காக மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. மனித ஓட்டுநராயின் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். எனினும் கணிப்புப் பிழையைவிடக் கவலைக்குரியது அதன்பின் நிகழ்ந்ததே: பெண் இழுத்துச் செல்லப்பட்ட செய்தி, அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு நிறுவனம் அனுப்பிய அறிக்கையில் இடம்பெறவில்லை. ஓட்டுநரின்றிக் கார்களை இயக்க அந்நிறுவனம் பெற்றிருந்த உரிமத்தைக் கலிஃபோர்னியா மாநிலம் அம்மாதமே நிறுத்திவைத்தது. பொய்யான அறிக்கை அளித்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்ட குரூஸ், 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த இசைந்தது.

குடிபோதையும் தூக்கமும் இல்லாத இயந்திரம் பல உயிர்களைக் காக்கக்கூடும் என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் தன் பயணத்தின் தரவு பிறருக்குச் செல்லலாமா என்பதை வாகனத்தைப் பயன்படுத்துபவரே முடிவுசெய்ய வேண்டும் என்று 2017-இல் ஜெர்மனியின் அறநெறி ஆணையம் வகுத்த நெறி, வாகனத்துக்கு வெளியே நடப்பவருக்கும் விரிவாக்கப்பட வேண்டும். விபத்து நேர்ந்தால் முழுப் பதிவும் நிறுவனத்தின் விருப்பத்துக்குக் காத்திராமல் அரசின் விசாரணை அமைப்பிடம் உடனே சேரவும் சட்டம் வகை செய்ய வேண்டும்.