பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏற்றத்தில் ஜாம் ஆகி நின்றது. பின்னால் ஏலத்தோட்டத்துக்குப் போகும் உர மூட்டை. தப்பு வண்டி மேல இல்லை, என் மேலதான். முந்தின வாரம் நானே சிலிண்டரைக் கழற்றி ரிங் மாற்றியிருந்தேன். சிலிண்டருக்கும் கிராங்க் கேசுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங், அதாவது கேஸ்கட், காய்ந்து அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பிச் சுரண்டினேன். கேஸ் பக்கம் ஒரு கோடு விழுந்தது, நகம் தட்டுப்படுற ஆழத்துக்கு. புதுப் பேக்கிங் போட்டா மூடிக்கும்னு விட்டுட்டேன்.

மூடவில்லை. நாலு ஸ்ட்ரோக் வண்டியில் இந்த இடத்தில் கோடு விழுந்தால் பெரும்பாலும் ஆயில் கசியும், கண்ணுக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் கதை வேறு. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேசுக்குள் காற்றழுத்தம் குறையும்; அந்த இழுவையில்தான் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஓடும் கோடு வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போய்விடும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். சமதளத்தில் தாங்கும் வண்டி, பாரத்தோடு மலை ஏறும்போது பிடித்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் சட்டென்று இறங்காமல் இருந்தது; அதை நான் கண்டுக்கவே இல்லை.

ஸ்க்ரூ டிரைவர் எஃகு, கேஸ் அலுமினியம். எது தோற்கும்னு சொல்லணுமா? கம்பத்தில் வண்டியைப் பிரித்த மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது, கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணித்ததுதான். சுரண்டுற தூள் உள்ளே விழுந்தா பேரிங் போச்சு. அப்புறம் ஊற வைத்தார். பேப்பர் பேக்கிங் மேல் தின்னர் நனைத்த துணியைப் போட்டு அரை மணி நேரம். (பக்கத்துல பீடி கூடாது.) ஷெல்லாக் தடவியிருந்தால் ஸ்பிரிட்டில் கரையும். சிலிகான் பசை கரையாது. பெட்ரோலில் ஊறி உப்பும், விரலாலேயே உருட்டி எடுத்துவிடலாம். மிச்சத்துக்குத்தான் பிளேடு, அதுவும் கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில். முனையை நிமிர்த்தினால் குத்தும். ஊறின பேக்கிங்குக்கு மூங்கில் சீவலே போதும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வேகமான வழி, அதனாலேயே பலரும் அதை எடுக்கிறார்கள். தாளிலிருந்து உதிரும் துகள் அலுமினியத்தை விட மிகக் கடினம். ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். தளமும் மேடுபள்ளமாகும்.

இன்னொன்று. பழைய வண்டிகளில் ஹெட், சைலன்சர் பக்கத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் தூசி புற்றுநோய் தரும். நனைத்தே சுரண்டுங்க, கம்ப்ரசர் காத்து அடிக்காதீங்க, வாயால ஊதவும் வேண்டாம்.

சரி, விழுந்த கோட்டை என்ன செய்வது? பள்ளத்தை விட அதன் ஓரத்தில் எழும்பிய பிசிறுதான் முதல் தொல்லை. பேக்கிங்கைப் படிய விடாது. அண்ணன் தட்டையான நைஸ் கல்லில் ஆயில் விட்டு, பிசிறை மட்டும் நீவி எடுத்தார். பள்ளத்தில் சூடு தாங்கும் பசையை மெல்லிசாகத் தடவினார். பேக்கிங் பழைய தடிமனிலேயே வாங்க வேண்டும் என்றார். தடிமன் கூடினால் சிலிண்டர் உயர்ந்து, போர்ட் திறக்கும் நேரமே மாறிவிடுமாம். ஷீட்டைக் கேஸ் மேலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுற பழக்கத்தையும் திட்டினார். விளிம்பு மழுங்கிப் போகும்.

சிலிண்டரைப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. காசை அப்பாதான் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.